பார்க்கின்சனுக்கு ஸ்டெம் செல் பேக்கேஜ்: அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி இத ஒருதடவ படிச்சிருங்க

ரேட்டிங்க முதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு ஒண்ணு. அந்த ஒண்ணும் வாசல்ல வீல்சேரோட ஓடி வந்த அண்ணனுக்கும், பாத்ரூம்ல ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்சிருந்ததுக்கும், அப்பாவ பொறுமையா நடத்திக் கூட்டிட்டுப் போன பிசியோ தம்பிக்கும். ட்ரீட்மென்ட் நாங்க எடுத்துக்கல. கன்சல்டேஷன், ரத்த டெஸ்ட், கவுன்சலிங், கன்சென்ட் ஃபார்ம் வரைக்கும் போயிட்டு அட்வான்ஸ் கட்டாம வந்துட்டோம். எடுத்துக்காத ட்ரீட்மென்ட்டுக்கு எதுக்கு ரிவ்யூன்னு கேப்பீங்க. இந்த மாதிரி இடத்துல எல்லாம் முடிவாகுறது அந்த கவுன்சலிங் ரூம்லதான், ஊசி போடுற அன்னிக்கு இல்ல, அதனால அந்த ரூம்ல என்ன சொல்றாங்க, எதச் சொல்லாம விட்டுடறாங்கன்னு தெரிஞ்சாலே போதும்.

கிளினிக் பேர் போடல. இதே பேக்கேஜ வேற வேற பேர்ல விக்கிற இடம் நாடு முழுக்க இருக்கு, நான் ஒரு பேர் போட்டா 'நாம போறது வேற இடம்'னு யாராவது நிம்மதியா பணம் கட்டிடுவாங்க, அது வேண்டாம்.

அப்பாவுக்கு பார்க்கின்சன் வந்து பல வருஷம் ஆச்சு. டெல்டா பக்கம் விவசாயம். முதல்ல வலது கை மட்டும் நடுங்குச்சு, அப்புறம் கையெழுத்து பொடிசாகிட்டே போச்சு, இப்ப நிலைப்படி கிட்ட வந்தா கால் தரையோட ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடுவாரு, முன்னாடி ஒரு கோடு மாதிரி எதையாவது காமிச்சா தாண்டி வந்துடுவாரு. சிண்டோபா மாத்திரை போட்டா ரெண்டு மூணு மணி நேரம் நல்லா இருப்பாரு, வேகம் குறைஞ்சதும் மறுபடி கட்டிப்போட்ட மாதிரி ஆயிடும். இந்த நோய் வீட்ல இருக்கறவங்களுக்கு இது எல்லாம் சொல்லவே வேண்டாம். மாத்திரை நோய நிறுத்தாது, மூளைல டோபமைன்ங்கற, அசைவுக்கு வேண்டிய ரசாயனத்த தயாரிக்கிற செல்லுங்க செத்துக்கிட்டே இருக்கும், நாம வெளியிலேர்ந்து அதுக்கான மூலப்பொருள குடுத்துக்கிட்டே இருக்கோம், அவ்வளவுதான். அந்த நிலமைல 'செத்துப்போன செல்லுக்கு பதிலா புது செல்'னு ஒரு ரீல் ஃபோன்ல வந்தா யாருக்குத்தான் ஆசை வராது. மஸ்கட்ல இருக்கற தம்பி லோன் போட்டாவது கட்டலாம்க்கான்னு சொல்லிட்டான்.

பேக்கேஜ் என்னன்னா, இடுப்பு எலும்புலேர்ந்து மஜ்ஜை எடுத்து அதுலேர்ந்து ஸ்டெம் செல்ல, அதாவது வேற வகை செல்லா மாறக்கூடிய செல்ல, பிரிச்சு, முதுகுத்தண்டு வழியாவும் கை ரத்தக்குழாய் வழியாவும் ஏத்துவாங்க. மூணு தடவ. கூட 'எபிஜெனிடிக் ரீசெட்'னு ஒரு ஆட் ஆன், அதுல ஒரு ரத்த டெஸ்ட், கொஞ்சம் ட்ரிப், மூணு மாசத்துக்கு மாத்திரை டப்பா. பிசியோ ஃப்ரீ. மொத்தம் ஆறு லட்சத்துக்கு மேல. அன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா குறைச்சுக்கறோம்னு சொன்னாங்க. உயிரோட விளையாடுற ஒரு வைத்தியத்துக்கு 'இன்னிக்கு மட்டும்' தள்ளுபடின்னு கேட்டதும் எனக்கு வயித்த என்னவோ பண்ணுச்சு.

கவுன்சலர் மேடம் ரொம்ப தன்மையாதான் பேசினாங்க. டேப் ஸ்க்ரீன்ல முதல்ல காமிச்சது ஜப்பான் விஞ்ஞானி ஷின்யா யமனாக்கா படம், நோபல் பரிசு. அடுத்தது ஜப்பான்ல பார்க்கின்சன் நோயாளிங்களுக்கு ஸ்டெம் செல் வச்சு முன்னேற்றம்னு வந்த நியூஸ் தலைப்பு. இந்த ரெண்டும் பொய் இல்ல, நூத்துக்கு நூறு உண்மை. பிரச்சனை என்னன்னா அதுக்கும் இவங்க விக்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல, அது அந்த ரூம்ல உக்காந்திருக்கற யாருக்கும் தெரியாது. அதனால இத கொஞ்சம் விரிவாவே எழுதிடறேன், பொறுத்துக்கங்க.

2006ல யமனாக்கா எலியோட தோல் செல்லுக்குள்ள நாலே நாலு ஜீன செலுத்தி அத கருவுல இருக்கற மாதிரியான செல்லா பின்னாடி திருப்பிக் காமிச்சாரு, 2007ல மனுஷ செல்லுலயும் பண்ணாரு, 2012ல ஜான் குர்டனோட சேத்து நோபல். அதுதான் ஐபிஎஸ் செல். எபிஜெனிடிக்ஸ்னு சொல்றாங்களே, அதோட அசல் அதிசயம் இதுதான். நம்ம உடம்புல தோல் செல்லு, மூளை செல்லு, கல்லீரல் செல்லு எல்லாத்துக்குள்ளயும் ஒரே டிஎன்ஏதான் இருக்கு, எந்த ஜீன் வேலை செய்யணும் எது சும்மா இருக்கணும்ங்கறத டிஎன்ஏ மேல ஒட்டியிருக்கற மீத்தைல்ங்கற ரசாயன அடையாளங்களும், டிஎன்ஏ எதுமேல சுத்தியிருக்கோ அந்த ஹிஸ்டோன் புரதமும்தான் பெருமளவு தீர்மானிக்குது. இத அப்பாவுக்கு பஸ்ல வரும்போது சொன்னேன், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "அப்ப ஆறு ஒண்ணுதான், எந்த மதகு திறந்திருக்கோ அந்த வயலுக்குத்தான் தண்ணின்னு சொல்லு"ன்னாரு. இதவிட தெளிவா எனக்கு சொல்ல வராது. யமனாக்கா பண்ணது அத்தன மதகையும் பிறக்கறதுக்கு முன்னாடி இருந்த நிலமைக்கே கொண்டு போனது.

அப்படி கொண்டு போன செல்ல அப்படியே மூளைல வச்சா கட்டியா வளந்துடும். அதனால லேப்ல வாரக்கணக்கா வளத்து, டோபமைன் செல்லா மாறப்போற பக்குவத்துக்கு கொண்டு வந்து, வேற மாதிரி செல் கலந்திருக்கான்னு சலிச்சு எடுத்து, அப்புறம்தான் மண்டை ஓட்டுல சின்ன ஓட்டை போட்டு மில்லிமீட்டர் கணக்கு பாத்து மூளைக்குள்ள புட்டாமென்ங்கற இடத்துல வைக்கணும். கியோட்டோ பல்கலைக்கழகத்துல ஜுன் தகாஹாஷி டீம் முதல் நோயாளிக்கு இத பண்ணது 2018ல. எலில பண்ணதுலேர்ந்து எண்ணுனா பன்னெண்டு வருஷம். ரிசல்ட்ட வெளியிட்டது 2025 ஏப்ரல். மொத்தமே ஏழு பேர், 50லேர்ந்து 69 வயசு. ரெண்டு வருஷம் பாத்ததுல பெரிய பாதிப்பு எதுவும் வரல, கட்டியும் வரல. பலன் இருக்கான்னு ஆறு பேர்கிட்ட பாத்ததுல நாலு பேருக்கு மாத்திரை இல்லாத நேரத்து அசைவு கொஞ்சம் தேறியிருந்துச்சு. வச்சது வேற ஒருத்தரோட செல்லுங்கறதால நோய் எதிர்ப்ப அடக்குற மருந்தும் ஒரு வருஷத்துக்கு மேல குடுத்தாங்க. அதே சமயத்துல அமெரிக்கா, கனடால ப்ளூராக் கம்பெனியோட ட்ரையல்ல பன்னெண்டு பேருக்கு கரு ஸ்டெம் செல்லுலேர்ந்து வளத்த டோபமைன் செல் வச்ச ரிசல்ட்டும் வந்துச்சு, அதுவும் பாதுகாப்பா இருக்கு, பலன் இருக்கற மாதிரி தெரியுது. ப்ளூராக்காரங்க 'ஆச்சு, எல்லாரும் வாங்க'ன்னு கடை திறக்கல. அடுத்தது பெரிய ட்ரையல், அதுல கொஞ்ச பேருக்கு செல் வைக்காம, வச்ச மாதிரி ஆபரேஷன் மட்டும் பண்ணி ஒப்பிட்டுப் பாக்குறாங்க.

இப்ப நம்ம கிளினிக்குக்கு வாங்க. இவங்க எடுக்குறது மஜ்ஜைல இருக்கற மெசன்கைமல் செல். அது எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு இந்த வகையா மாறுற செல். டோபமைன் நரம்பு செல்லா மாறி மூளைல போயி உக்காந்துக்கும்ங்கறதுக்கு ஆதாரம் இல்ல. கை ரத்தக்குழாய்ல ஏத்தினா பெரும்பாலும் நுரையீரல்லயே சிக்கிக்கும், அதுக்கப்புறம் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்கற தடுப்பு வேற. நான் மேடம்கிட்ட நேராவே கேட்டேன், "கியோட்டோல வச்சது ஐபிஎஸ் செல்லுதானே, நீங்க குடுக்கறது அது இல்லையேங்க?" அவங்க கொஞ்ச நேரம் டேப்பையே பாத்தாங்க, அப்புறம் "கான்செப்ட் ஒண்ணுதான் மேடம், ரெண்டுமே ஸ்டெம் செல்தான்"னாங்க. அவங்க மேல எனக்கு கோவம் இல்ல, சொல்லிக் குடுத்தத சொல்றாங்க. எழுதிக் குடுத்தவங்க டாக்டருங்க, அவங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

இதே மஜ்ஜை செல்ல ஒழுங்கா ட்ரையல் வச்சு பாத்தவங்களும் இருக்காங்க. ஏஎல்எஸ்ங்கற நோய்க்கு, அதுவும் நரம்பு செல் செத்துக்கிட்டே போற நோய்தான், ப்ரெய்ன்ஸ்டார்ம்னு ஒரு கம்பெனி நோயாளியோட சொந்த மஜ்ஜை செல்ல எடுத்து லேப்ல பக்குவப்படுத்தி முதுகுத்தண்டு வழியா குடுத்து மூணாம் கட்ட ட்ரையல் வரைக்கும் போனாங்க. 2020ல ரிசல்ட் வந்தப்ப நிர்ணயிச்ச இலக்க எட்டல. நோயாளிங்க, குடும்பங்க எல்லாம் போராடினதுல 2023 செப்டம்பர்ல மருந்துக்கு அனுமதி குடுக்குற அமெரிக்க எஃப்டிஏவோட நிபுணர் குழு உக்காந்து கேட்டுச்சு, 17 பேர் ஆதாரம் பத்தாதுன்னாங்க, ஒருத்தர் மட்டும் ஆதரவு. கம்பெனி விண்ணப்பத்த திரும்ப எடுத்துக்கிச்சு. அவ்வளவு கஷ்டப்பட்டு பண்ணதே நிக்கல, நம்மாளுங்க ஒரு ட்ரையலும் இல்லாம அத பார்க்கின்சனுக்கு, ஆட்டிசத்துக்கு, பக்கவாதத்துக்கு, முழங்கால் வலிக்குன்னு ஒரே ரேட் கார்டுல போட்டு விக்கிறாங்க.

வீடியோ விஷயம்தான் என்னைய எழுதவே வச்சது. அடுத்த விசிட்டுக்கு 'பேஸ்லைன் வீடியோ' எடுக்கணும், அன்னிக்கு காலைல மாத்திரை போடாம கூட்டிட்டு வாங்கன்னாங்க. பார்க்கின்சன்ல அது தப்பான முறை இல்ல, உண்மையான ட்ரையல்லயும் மாத்திரை இல்லாம ஒரு தடவ, போட்டு ஒரு தடவன்னு பாப்பாங்க. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "ட்ரீட்மென்ட்டுக்கு அப்புறம் எடுக்கறதும் மாத்திரை போடாமதானே எடுப்பீங்க?" அதுக்கு வந்த பதில் "அப்ப அப்பாவுக்கு எப்படி வசதியோ அப்படி பாத்துக்கலாம் மேடம்". யோசிச்சுப் பாருங்க. எங்க அப்பாவ மாத்திரை போடாம காலைல ஏழு மணிக்கு எடுத்தா சேர்லேர்ந்து எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும். அதே ஆள மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்தா தானா எந்திரிச்சு கைய வீசி நடப்பாரு. எந்த ஸ்டெம் செல்லும் வேண்டாம், ஒரே நாள்ல ரெண்டு வீடியோவும் எங்க வீட்டுத் திண்ணைலயே எடுத்துடலாம். ரீல்ஸ்ல பாக்குற 'முன்னாடி, பின்னாடி' வீடியோ எதையும் இனிமே நீங்க அந்தக் கேள்வி இல்லாம பாக்காதீங்க.

அதுக்கு மேல நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கு, அத சும்மா மனசு சம்பந்தப்பட்டதுன்னு ஒதுக்க முடியாது. 2001ல வான்கூவர்ல பண்ண ஸ்கேன் ஆய்வுல, மருந்தே இல்லாத ஊசிய மருந்துன்னு நம்பிப் போட்டுக்கிட்ட பார்க்கின்சன் நோயாளிங்க மூளைல நிஜமாவே டோபமைன் சுரந்துச்சு. அப்ப ஆறு லட்சம் கட்டி, ஆபரேஷன் தியேட்டர் போயி, குடும்பமே கூட நின்னு பாக்குற ஒருத்தருக்கு முதல் ரெண்டு மாசம் நல்லா இருக்கறது ஆச்சரியமே இல்ல. அந்த ரெண்டு மாசத்துலதான் டெஸ்டிமோனியல் எடுக்குறாங்க. போலி ஆபரேஷனோட ஒப்பிட்டுத்தான் ஆகணும்னு ஆராய்ச்சிக்காரங்க பிடிவாதமா இருக்கறது இதனாலதான். அமெரிக்கால கருக்கலைப்பு திசுவுலேர்ந்து எடுத்த டோபமைன் செல்ல நாப்பது பேர்ல பாதி பேருக்கு வச்சு, மீதி பேருக்கு ஓட்டை மட்டும் போட்டு பாத்தாங்க, 2001ல ரிசல்ட் வந்துச்சு. வயசு குறைஞ்சவங்களுக்கு கொஞ்சம் பலன், அறுபதுக்கு மேல பெருசா இல்ல, செல் வச்சவங்கள்ல 15 சதவீதம் பேருக்கு மாத்திரைய நிறுத்தினாலும் நிக்காத கோணல் அசைவு வந்து சேந்துச்சு. சரியான செல்ல சரியான இடத்துல வச்சே இப்படின்னா பாத்துக்கங்க. 2008ல இன்னொண்ணும் தெரிஞ்சுது, பத்து வருஷத்துக்கு மேல முன்னாடி வச்ச இளம் செல்லுக்குள்ளயும் பார்க்கின்சனோட அடையாளமான லூயி பாடிங்கற புரத உருண்டை உருவாகியிருந்துச்சு, அதாவது புது செல்லயும் நோய் தொடுது. இதெல்லாம் தெரிஞ்சும் விடாம செஞ்சுதான் இன்னிக்கு கியோட்டோ வரைக்கும் வந்திருக்கு, எனக்கு அந்த ஆளுங்க மேல அவ்வளவு மரியாத.

அடுத்து அந்த எபிஜெனிடிக் ஆட் ஆன். விவசாயம்னு ஃபார்ம்ல எழுதியிருந்தத பாத்துட்டு, வயல்ல மருந்து அடிச்சதால அப்பாவோட எபிஜெனிடிக்ஸ் கெட்டுப்போச்சு, அத ரீசெட் பண்ணலாம்னாங்க. இங்கயும் பாதி உண்மை. பாராகுவாட் களைக்கொல்லி, ரோட்டினோன் மாதிரி பூச்சிமருந்து இதுங்களுக்கும் பார்க்கின்சனுக்கும் தொடர்பு இருக்குன்னு ஆய்வுகள் இருக்கு. பார்க்கின்சன்ல மூளைல சேர்ற ஆல்பா சைனூக்ளின் புரதத்தோட ஜீன்ல மீத்தைல் அடையாளம் குறைஞ்சிருக்குன்னு இறந்தவங்க மூளைய வச்சு பாத்தவங்களும் இருக்காங்க. ஆனா அது மூளை செல். இவங்க எடுக்கறது கைலேர்ந்து ரத்தம். மதகு எங்க திறந்திருக்கு எங்க மூடியிருக்குங்கறது செல்லுக்கு செல் வேறங்கறதுதானே இந்த துறையோட அடிப்படையே. ரிப்போர்ட்ல அப்பாவோட 'பயாலஜிகல் வயசு' 79ன்னு வந்துச்சு, உண்மை வயசு 68. ஹோர்வாத்னு ஒரு விஞ்ஞானி 2013ல 353 இடத்து மீத்தைல் அடையாளத்த வச்சு வயச கணிக்கிற முறைய கண்டுபிடிச்சாரு, அது ஆராய்ச்சிக்கு நல்ல கருவி. அத வச்சு ஒருத்தரோட பார்க்கின்சனுக்கு என்ன மருந்துன்னு முடிவு பண்ண முடியாது. ஆனா அந்த 79ங்கற நம்பர பாத்ததுலேர்ந்து அப்பா வீடு வந்து சேர்ற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாரு, "அப்ப எம்பதாச்சாம்மா எனக்கு"ன்னு. அந்த டெஸ்ட் வித்த டாக்டர் இத ஒரு தடவ நேர்ல கேக்கணும்.

எபிஜெனிடிக் மருந்து இந்த நோய்ங்களுக்கு பாக்காம விடல. வால்ப்ரோயிக் ஆசிட், வலிப்புக்கு குடுப்பாங்களே, அது ஹிஸ்டோன் பக்கம் வேலை செய்யும்னு ஏஎல்எஸ்க்கு நெதர்லாந்துல குடுத்துப் பாத்து 2009ல பலன் இல்லன்னு சொல்லிட்டாங்க. அதே மருந்து சில பேருக்கு பார்க்கின்சன் மாதிரியான நடுக்கத்தையே வரவச்சிடும், அதனால பார்க்கின்சன் வீட்ல அது ப்ரிஸ்கிரிப்ஷன்ல இருந்தா நரம்பு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. இன்னொண்ணு ஃபீனைல்ப்யூட்டிரேட் சேந்த ரெலிவ்ரியோ, 2022ல அமெரிக்கால ஏஎல்எஸ்க்கு அனுமதி கிடைச்சுது, 2024ல பெரிய ட்ரையல்ல தோத்துச்சு, கம்பெனியே மார்க்கெட்லேர்ந்து எடுத்துருச்சு. அனுமதி வாங்கின மருந்தையே அவங்க திரும்ப எடுக்குறாங்க. இங்க குடுத்த டப்பால பாத்தா பி12, ஃபோலிக் ஆசிட், மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட், பச்சை டீ எக்ஸ்ட்ராக்ட். மெடிக்கல்ல சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும்.

கன்சென்ட் ஃபார்ம் எட்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழ்ல குடுங்கன்னு கேட்டதுக்கு "வாய்மொழியா சொல்லிடறோம்"னாங்க. வெயிட்டிங் ஹால்ல உக்காந்து பொறுமையா படிச்சேன். அஞ்சாவது பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கு, இது சோதனை நிலைல உள்ள சிகிச்சை, பலனுக்கு எந்த உத்தரவாதமும் இல்ல, கட்டின பணம் திரும்ப வராது. கவுன்சலிங்ல ஒரு மணி நேரம் பேசினதுல 'சோதனை'ங்கற சொல்லே வரல. சோதனைன்னா சிடிஆர்ஐ நம்பர் இருக்கணுமேன்னு கேட்டேன், இந்தியால நடக்குற க்ளினிக்கல் ட்ரையல் பதிவு பண்ற இடம் அது, யார் வேணா ஆன்லைன்ல பாக்கலாம். "ப்ராசஸ்ல இருக்கு"ன்னாங்க. சோதனைன்னா எதுக்கு காசுன்னு கேட்டேன், அதுக்கு பதில் வரல, டாக்டர் பேசுவாருன்னு சொல்லி டாக்டர் பேசவே இல்ல.

இதுதான் நான் எல்லாருக்கும் சொல்ல நினைக்கிற முக்கியமான விஷயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்ல ரொம்ப தெளிவா இருக்கு, ரத்தம் சம்பந்தப்பட்ட நோய்ங்க மாதிரி ஏற்கனவே ஒத்துக்கிட்ட பட்டியலுக்கு பண்ற மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர, வேற எந்த ஸ்டெம் செல் ட்ரீட்மென்ட்டும் அனுமதி வாங்கின ட்ரையலுக்குள்ள மட்டும்தான் பண்ணலாம், வெளில பண்ணா அது முறைகேடு. ட்ரையல்ல சேர்றவங்ககிட்ட காசு வாங்கக் கூடாது. 2019 மருந்து சோதனை விதிப்படி ட்ரையலால பாதிப்பு வந்தா இலவச வைத்தியமும் நஷ்டஈடும் அவங்கதான் குடுக்கணும். இங்க என்னடான்னா காசும் நாம கட்டணும், பாதிப்பும் நாமளே பாத்துக்கணும்னு எட்டாவது பக்கத்துல கையெழுத்து கேக்குறாங்க. ஸ்டெம் செல்லே ஏமாத்துன்னு யாரும் நினைச்சுடாதீங்க, வேலூர் சிஎம்சில 1986லேர்ந்து மஜ்ஜை மாற்று பண்றாங்க, தலசீமியா, ரத்தப் புற்றுன்னு எத்தனையோ பிள்ளைங்க அதுல பொழச்சிருக்காங்க. அங்க வேலை செய்யுற செல் ரத்தம் உண்டாக்குற செல், அது போய் செய்ய வேண்டிய வேலையும் ரத்தம் உண்டாக்குறதுதான்.

"நம்ம சொந்த செல்லுதானே, பலன் இல்லன்னாலும் கெடுதல் இல்ல"ன்னு வெயிட்டிங் ஹால்ல ஒரு அம்மா சொன்னாங்க, வீட்டுக்காரரோட வந்திருந்தாங்க, நகைய அடகு வச்சிருக்காங்க. முதுகுத்தண்டுல ஒவ்வொரு தடவ ஊசி போடும்போதும் இன்ஃபெக்‌ஷன் ஆபத்து இருக்கு. பக்கவாதத்துக்காக சைனா, அர்ஜென்டினா, மெக்சிகோன்னு போயி முதுகுல செல் ஏத்திக்கிட்ட அமெரிக்கர் ஒருத்தருக்கு முதுகுத்தண்டுல கட்டி வந்தத 2016ல டாக்டருங்க எழுதியிருக்காங்க, அந்த கட்டி அவரோட செல்லே இல்ல, ஏத்தினவங்களோடது. மாஸ்கோல கரு நரம்பு செல் ஏத்திக்கிட்ட இஸ்ரேல் பையன் ஒருத்தனுக்கும் இதே கதி, அது 2009ல வெளிவந்துச்சு. செல் வகை வேற வேற, ஒத்துக்கறேன். ஆனா உங்களுக்கு ஏத்துற பைக்குள்ள என்ன செல், எத்தனை, எந்த லேப்ல வளத்தது, எதெது டெஸ்ட் பண்ணதுன்னு எழுத்துல தராதவங்கள எப்படி நம்பறது? நான் கேட்டேன், தரல. அந்த அம்மாகிட்ட என்னால முடிஞ்ச வரைக்கும் சொன்னேன், நம்பர் வாங்கிக்கிட்டாங்க.

திரும்பி வந்து நாங்க போனது அரசு மருத்துவமனை நரம்பியல் ஓபிக்கு. கூட்டம் இருக்கும், காலைலயே போயிடணும். அங்க ஒரு இளம் டாக்டர் முதல்ல கேட்டது "ஐயா மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடுறீங்களா, அப்புறமா?" நம்ம வீடுகள்ல வெறும் வயித்துல மாத்திரை போடக்கூடாதுன்னு ஒரு பழக்கம், அப்பா இட்லி சாம்பார் சாப்பிட்டு பால் குடிச்சுட்டு போடுவாரு. பருப்பு, பால், முட்டைல இருக்கற புரதமும் சிண்டோபால இருக்கற லீவோடோபாவும் குடல்லயும் மூளை வாசல்லயும் ஒரே வழில போட்டி போடும், மருந்து உள்ள போறது குறைஞ்சிடும். சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி தண்ணியோட போட சொன்னாரு, வேளைக்கு அளவ குறைச்சு வேளைய கூட்டினாரு, என்டகாபோன்ங்கற மாத்திரையும் சேத்தாரு, மலச்சிக்கலுக்கு மருந்து குடுத்தாரு. கட்டிப்போட்ட மாதிரி இருக்கற நேரம் இப்ப நல்லாவே குறைஞ்சிருக்கு. நோய் போகல, போகாது. ஆனா காலைல பேப்பர் படிச்சு முடிக்கிறாரு, கொல்லைக்கு தனியா போயிட்டு வர்றாரு. எல்லாருக்கும் இதே மாத்தம் சரிவராது, உங்க டாக்டர கேக்காம நேரத்த மாத்தாதீங்க, மாத்திரைய திடீர்னு நிறுத்தவே நிறுத்தாதீங்க. மூளைல கருவி வைக்கிற டிபிஎஸ் ஆபரேஷன் பத்தியும் அவரே பேசினாரு, யாருக்கு சரிவரும் யாருக்கு வராதுன்னு ரெண்டையும் சொன்னாரு. கிளினிக்ல யாருக்கு வேண்டாம்ங்கற பேச்சே வரல.

ஏற்கனவே பணம் கட்டிட்டவங்க இத படிச்சா, முதல்ல எல்லா பில்லையும் கன்சென்ட் ஃபார்ம் காப்பியையும் கேட்டு வாங்கி வச்சுக்கங்க, தர மாட்டேன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இல்ல. என்ன செல், எத்தனை, என்னைக்கு, எந்த வழியான்னு டிஸ்சார்ஜ் சம்மரில எழுதச் சொல்லுங்க, நாளைக்கு ஜுரம், கால் மரப்பு, முதுகு வலின்னு எது வந்தாலும் பாக்குற டாக்டருக்கு அது வேணும். காசு வாங்கிப் பண்ற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடலாம், மாநில மெடிக்கல் கவுன்சிலுக்கும் எழுதலாம். மூளை நோய குணமாக்குறோம்னு விளம்பரம் பண்றது 1954 மேஜிக் ரெமடீஸ் சட்டத்துலயும் வருது, அதனால அந்த ரீல்ஸ அழிக்கறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன் ரெக்கார்ட் எடுத்து வைங்க. எங்களுக்கு கன்சல்டேஷன் காசும் எபிஜெனிடிக் டெஸ்ட் காசும் போச்சு, அதுக்கு புகார் எழுதியிருக்கேன். யாருக்காவது அந்த லெட்டர் மாதிரி வேணும்னா கேளுங்க, தமிழ்லயே இருக்கு, பேர மட்டும் மாத்திக்கிட்டா போதும்.